ஆங்கிலத்துக்குள் லத்தீன் எத்தனை முறை நுழைந்தது?

கேள்வி: கரிசல்மண்

அனைவருக்கும் வணக்கம். நான் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் நடத்துகிறேன். சென்ற வாரம் கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதியபோது, ஒலிக்காத 'பி' என்ற எழுத்து அதன் நடுவில் எதற்காக நிற்கிறது என்று ஒரு மாணவி கேட்டாள். லத்தீனிலிருந்து வந்த சொல் என்பதால் அப்படி இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அன்று மாலை அகராதியைப் பார்த்தபோது, அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது என்றும், வந்தபோது அதில் 'பி' இல்லவே இல்லை என்றும் கண்டேன். இல்லாத எழுத்து பிறகு எப்படி உள்ளே வந்தது?

அகராதியைப் புரட்டப் புரட்ட வேறு இரண்டு ஐயங்களும் எழுந்தன. ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி என்றுதான் கல்லூரியில் படித்தேன்; ஆனால் நான் பார்த்த பக்கங்களில் ஏறக்குறைய இரண்டு சொற்களில் ஒன்று லத்தீனில் போய் முடிகிறது. பாதிச் சொற்கள் பிறமொழிக்கு உரியவை என்றால், அந்த மொழி இன்னும் தன் பழைய குடும்பத்தில்தான் இருக்கிறது என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்? மேலும், பணத்தைக் குறிக்கும் 'மணி', நாணயச்சாலையைக் குறிக்கும் 'மின்ட்' ஆகிய இரண்டுக்கும் 'மொனேட்டா' என்ற ஒரே லத்தீன் சொல்தான் மூலம் என்று அகராதி காட்டுகிறது. ஒரே சொல்லை ஒரு மொழி ஏன் இரண்டு முறை கடன் வாங்க வேண்டும்? அந்த மாணவிக்குச் சரியான விடையைச் சொல்ல விரும்புகிறேன். அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: சொல்வேட்டை

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் கடைசி ஐயத்திலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால் மற்றவையும் பாதி தெளிந்துவிடும். லத்தீன் ஆங்கிலத்துக்குள் ஒரே நாளில் வரவில்லை. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளில் அது வெவ்வேறு வழிகளில், வெவ்வேறு மனிதர்களின் வாய் வழியாகவும் ஏடு வழியாகவும் திரும்பத் திரும்ப வந்தது. ஆகவே, ஒரு லத்தீன் சொல் ஆங்கிலத்தில் இன்று எந்த உருவத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்தே அது எந்தக் காலத்தில் வந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிட முடியும்.

முதல் வரவு, ஆங்கிலேயரின் முன்னோர் பிரிட்டன் தீவுக்குக் கடல் கடப்பதற்கு முன்பே நடந்தது. அப்போது அவர்கள் ஐரோப்பாவின் வடகரையில் வாழ்ந்தார்கள். ரோமானிய வணிகர்களோடும் படைவீரர்களோடும் அவர்களுக்குப் பழக்கம் இருந்தது. அந்நாளில் அவர்கள் வாங்கிய சொற்கள் எல்லாம் கையால் தொடக்கூடிய பொருள்களின் பெயர்கள்: திராட்சை மதுவைக் குறிக்கும் 'வைன்', பாலாடைக்கட்டியைக் குறிக்கும் 'சீஸ்', சமையலறையைக் குறிக்கும் 'கிச்சன்', தெருவைக் குறிக்கும் 'ஸ்ட்ரீட்', தொலைவை அளக்கும் 'மைல்', மதிலைக் குறிக்கும் 'வால்'. இவற்றை எந்த ஆங்கிலேயரும் இன்று அயற்சொல்லாக உணர்வதில்லை.

இங்கே ஓர் ஒலிச் சான்று இருக்கிறது. ஜூலியஸ் சீசரின் காலத்து லத்தீனில் 'வி' எழுத்து உதடுகளைக் குவித்துச் சொல்லும் ஒலியையே குறித்தது. மேற்பல் கீழுதட்டில் படும் ஒலி பிற்காலத்தில் வந்தது. தமிழில் இரண்டையும் 'வ' என்றே எழுத நேர்வதால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆங்கிலத்தில் 'வைன்', 'வால்' ஆகியவற்றைக் குவிந்த உதட்டோடு சொல்கிறார்கள். பழைய ஒலிப்பு வழக்கில் இருந்தபோதே வாங்கிய சொற்கள் அவை. அதே குடும்பத்துச் சொற்களான, திராட்சைக் கொடியைக் குறிக்கும் 'வைன்', புளிக்காடியைக் குறிக்கும் 'வினிகர்' ஆகியவற்றைப் பல் உதட்டில் படும்படி சொல்கிறார்கள். அவை பல நூற்றாண்டுகள் கழித்துப் பிரெஞ்சு வழியாக வந்தவை. ஜெர்மன் மொழியிலும் இதே போன்ற சான்று உண்டு. லத்தீனில் 'கெல்லா' என்றால் சிற்றறை. அந்த வேரிலிருந்து நிலவறையைக் குறிக்கும் 'கெல்லர்' என்ற சொல்லை ஜெர்மானியர் 'க' ஒலியோடு முன்னதாகவே வாங்கினார்கள். லத்தீனின் அந்த ஒலி பின்னர் மென்மையாகிவிட்ட காலத்தில் அதே வேரிலிருந்து 'ட்செல்லே' என்று இன்னொரு முறை வாங்கினார்கள்.

இரண்டாம் வரவு சமயத்தோடு வந்தது. 597ஆம் ஆண்டு, ரோமிலிருந்து அனுப்பப்பட்ட அகஸ்டின் என்ற துறவி இங்கிலாந்தின் தென்கிழக்கில் இருந்த கென்ட் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அதையொட்டி மடம், வழிபாடு, படிப்பு ஆகியவை சார்ந்த சொற்கள் வந்தன. 'கேண்டில்', 'ஆல்டர்', 'ஸ்கூல்' ஆகியவை அவ்வகையைச் சேர்ந்தவை. (பள்ளிக்கூடத்தின் பெயர் லத்தீனுக்கே கிரேக்கத்திலிருந்து வந்தது என்பது வேறு கதை.)

மூன்றாவது, 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு வந்தது. அரண்மனையிலும் வழக்குமன்றத்திலும் பிரெஞ்சு கோலோச்சியது. பிரெஞ்சு என்பதே பல தலைமுறைகளாக மக்கள் பேசிப் பேசித் தேய்த்த லத்தீன்தான். ஆகவே இம்முறை லத்தீன் தேய்ந்த உருவத்தில் வந்தது. நான்காவது, மறுமலர்ச்சிக் காலத்தில், குறிப்பாக 16, 17ஆம் நூற்றாண்டுகளில், அறிஞர்கள் பழைய ஏடுகளிலிருந்து லத்தீன் சொற்களை நேரே எடுத்துக்கொண்டது. இம்முறை வந்தவை தேயாமல், ஏட்டில் இருந்தபடியே வந்தன.

இப்போது உங்கள் 'மொனேட்டா'வுக்கு வருவோம். ரோமின் கேபிடோலின் குன்றில் இருந்த ஜூனோ மொனேட்டா என்ற பெண் தெய்வத்தின் கோயிலை ஒட்டி நாணயச்சாலை இயங்கியது; அதனால் தெய்வத்தின் பெயரே நாணயச்சாலைக்கும் நாணயத்துக்கும் ஆயிற்று. முதல் வரவில் அந்தச் சொல் வந்து, ஆங்கிலேயர் வாயில் உருண்டு 'மின்ட்' ஆயிற்று. மூன்றாம் வரவில் பிரெஞ்சில் தேய்ந்து 'மணி' ஆக வந்தது. பிற்கால ஏட்டு வழியில் 'மானிட்டரி' என்று ஏறக்குறைய முழு உருவத்தோடு மீண்டும் வந்தது. இரண்டு முறை என்று எழுதியிருந்தீர்கள். உண்மையில் மூன்று முறை. இன்னும் வியப்பான ஒன்று 'டிஸ்கஸ்'. வட்டத் தட்டைக் குறித்த இந்தச் சொல் கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்து, அங்கிருந்து ஆங்கிலத்தில் உணவுத் தட்டாகிய 'டிஷ்', மேடையாகிய 'டெய்ஸ்', எழுதுமேசையாகிய 'டெஸ்க்', வட்டாகிய 'டிஸ்க்', விளையாட்டுத் திடலில் எறியும் 'டிஸ்கஸ்' என ஐந்து சொற்களாக நிற்கிறது. வாங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் தாங்கள் முன்பே வாங்கிய அதே சொல் என்று அறியாமலே வாங்கினார்கள். ஏனெனில் அதற்குள் பழைய சொல்லின் முகமே மாறியிருந்தது.

மறுமொழி: பழஞ்சுவடி

மேலே உள்ள விளக்கம் மிகச் சிறப்பு. மாணவி கேட்ட 'பி'யைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். அந்தச் சிறுமி கேட்டது மொழி வரலாற்றில் ஒரு முக்கியமான கேள்வி என்பதை அவளிடம் தவறாமல் சொல்லுங்கள்.

நார்மானியருக்குப் பின் இச்சொல் ஆங்கிலத்தில் 'டெட்' என்று ஒலித்து, 'பி' இல்லாமலே எழுதப்பட்டது. ஐயத்தைக் குறிக்கும் 'டவுட்' என்பதும் அவ்வாறே 'பி' இல்லாமல் வந்தது. லத்தீனின் 'டெபிட்டும்', 'துபிதாரே' ஆகிய சொற்களில் இருந்த அந்த ஒலி பிரெஞ்சு மக்களின் பேச்சில் என்றோ கரைந்துவிட்டது. மறுமலர்ச்சிக் காலத்தை ஒட்டிக் கற்றவர்கள் லத்தீனை உயர்ந்த அளவுகோலாகக் கொண்டபோது, சொல்லின் மூலத்தை எழுத்தில் காட்ட வேண்டும் என்று கருதி 'பி'யைத் திரும்பச் செருகினார்கள். அச்சுக்கூடங்கள் அந்த எழுத்துமுறையை நிலைநிறுத்திவிட்டன. எழுதியவர்களின் கை மாறியது. பேசியவர்களின் நாக்கு மாறவில்லை. அந்த எழுத்து ஒலிக்காமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

சில சொற்களில் நாக்கும் எழுத்துக்குப் பணிந்துவிட்டது. குற்றத்தைக் குறிக்கும் 'ஃபால்ட்' முன்பு 'ல்' இல்லாமல் 'ஃபாட்' என்பது போல ஒலித்தது; லத்தீன் மூலத்தை நினைத்து எழுத்தில் 'ல்' சேர்த்தார்கள், காலப்போக்கில் மக்கள் அதை ஒலிக்கவும் தொடங்கினார்கள். 'பெர்ஃபெக்ட்' என்பதும் அப்படியே. அதன் பழைய வடிவம் 'பார்ஃபிட்'. தீர்ப்பைக் குறிக்கும் 'வெர்டிக்ட்' முன்பு 'வெர்டிட்' என்றே இருந்தது. பிரெஞ்சுக்காரர்களும் இதே வேலையைச் செய்தார்கள். விரலைக் குறிக்கும் அவர்களுடைய 'துவா' என்ற சொல்லில், 'டிகிட்டுஸ்' என்ற மூலத்தைக் காட்டுவதற்காக ஒலிக்காத 'ஜி' எழுத்து ஒன்றைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆர்வம் ஒரு தவறிலும் போய் முடிந்தது. தீவைக் குறிக்கும் 'ஐலண்ட்' என்பது லத்தீனே அல்ல. ஆங்கிலத்தின் சொந்தப் பழஞ்சொல். ஆனால் பிரெஞ்சு வழியாக வந்த 'ஐல்' என்ற சொல்லுக்கு 'இன்சுலா' என்ற லத்தீன் மூலத்தை நினைவூட்டும் 'எஸ்' எழுத்தைக் கொடுத்தவர்கள், பொருள் ஒற்றுமையைப் பார்த்து, உறவே இல்லாத 'ஐலண்ட்' என்பதற்குள்ளும் அதே எழுத்தைப் புகுத்திவிட்டார்கள். எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் அந்தத் தவற்றைச் சரியான எழுத்தென்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

வகுப்பில் இதை விளக்க எளிய வழி ஒன்று உண்டு. பணம் எடுக்கும் இயந்திரத்தில் செருகும் 'டெபிட்' அட்டை மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'டெபிட்' என்பதும் 'டெட்' என்பதும் ஒரே லத்தீன் சொல். ஒன்றில் 'பி' இயல்பாக ஒலிக்கிறது, மற்றொன்றில் நினைவுக்காக நிற்கிறது என்று இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டுங்கள்.

மறுமொழி: நீரோட்டம்

இருவரும் எழுதியவற்றோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் 'பாதிச் சொற்கள் லத்தீன்' என்ற கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன். 1973இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கில அகராதி ஒன்றின் ஏறத்தாழ 80,000 சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். நேரே லத்தீனிலிருந்து வந்தவை ஏறக்குறைய 28 விழுக்காடு, பிரெஞ்சு வழி வந்தவை அதே அளவு, பழைய ஆங்கிலமும் அதன் ஜெர்மானிய உறவு மொழிகளும் தந்தவை 25 விழுக்காடு என்று கணக்கு வந்தது. இந்த எண்கள் சரியானவையே. ஆனால் அகராதியில் எல்லாச் சொல்லுக்கும் ஓர் இடம்தான்; ஒரு நாளில் ஆயிரம் முறை வாயில் வரும் சொல்லும், ஆயுளில் ஒரு முறை வரும் சொல்லும் அங்கே சமம். பேச்சிலும் எழுத்திலும் மிகுதியாகப் புழங்கும் முதல் நூறு சொற்களை எடுத்துப் பார்த்தால், 'பீப்பிள்' போன்ற ஒரு சிலவற்றைத் தவிர ஏறக்குறைய எல்லாமே ஜெர்மானியச் சொற்கள். 'நான், நீ, இது, அது, இரு, போ, வா' ஆகியவற்றுக்கு ஈடான சொற்களில் லத்தீன் கை வைக்கவே இல்லை.

மொழிக் குடும்பம் என்பது சொற்களின் எண்ணிக்கையால் முடிவாவதில்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த இலக்கண அமைப்பையும் அடிப்படைச் சொற்களையும் வைத்தே முடிவாகிறது. பாடுவதைக் குறிக்கும் 'சிங், சாங், சங்' என்று உள்ளுயிர் மாறிக் காலம் காட்டும் வினைகள் ஜெர்மானியக் குடும்பத்தின் தனி அடையாளம். லத்தீன் வெள்ளம் அத்தனை புகுந்தும் அவை அசையவில்லை. பிரெஞ்சின் நிலை வேறு. அது லத்தீனிடம் கடன் பெற்ற மொழி அல்ல, லத்தீனின் மகள். ஆங்கிலம் பக்கத்து வீட்டுக்காரி. மகளிடமும் தாயிடமும் ஓயாமல் பொருள் வாங்கிச் சேர்த்தவள்.

மகள்மொழிகள் பிறந்தது ஏட்டு லத்தீனிலிருந்து அல்ல, கடைத்தெரு லத்தீனிலிருந்து என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய சொற்பட்டியல் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. 'இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே' என்று மாணவர்களைத் திருத்துவதற்காக எழுதப்பட்டது அது. காதைக் குறிக்க 'அவுரிஸ்' என்று சொல், 'ஒரிக்லா' என்று சொல்லாதே என்கிறது அப்பட்டியல். இன்று பிரெஞ்சின் 'ஒரேய்', ஸ்பானியத்தின் 'ஒரேஹா', போர்த்துக்கீசியத்தின் 'ஒரேல்யா' எல்லாம், கூடாது என்று சொல்லப்பட்ட அந்த 'ஒரிக்லா'வின் வழி வந்தவை. குதிரைக்கு இலக்கிய லத்தீன் 'எக்குவுஸ்' என்றது, மக்கள் 'கபல்லுஸ்' என்றார்கள்; மகள்மொழிகளில் நிலைத்தது மக்கள் சொல்தான். ஆங்கிலம் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டது. குதிரையேற்றத்தைச் சார்ந்த 'இக்வெஸ்ட்ரியன்' ஏட்டுச் சொல்லின் வழி வந்தது. குதிரைப்படையாகிய 'கேவல்ரி' மக்கள் சொல்லின் வழி வந்தது.

ஆசிரியராக நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. ஆங்கிலத்தில் பொருளின் பெயர் ஒரு மொழி, அதன் அடைமொழி இன்னொரு மொழி. பல்லுக்கு 'டூத்', பல் சார்ந்ததற்கு 'டென்டல்'. நிலவுக்கு 'மூன்', நிலவு சார்ந்ததற்கு 'லூனார்'. கண்ணுக்கு 'ஐ', கண் சார்ந்ததற்கு 'ஆக்குலர்'. ஜெர்மன் மொழியில் பல் மருத்துவரைப் 'பல்' என்ற சொல்லை வைத்தே கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் குழந்தை ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு வேர்களைக் கற்க வேண்டியிருக்கிறது. நம் மாணவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் கடினமாக இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்; மாணவர்களின் அறிவுக் குறைவு என்று அதைச் சொல்வது அநீதி.

இந்தச் சுமை வேண்டாம் என்று இங்கிலாந்திலேயே வாதிட்டவர்கள் இருந்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜில் கிரேக்கப் பேராசிரியராக இருந்த ஜான் சீக், விவிலியப் பகுதியை மொழிபெயர்த்தபோது, நூறு வீரர்களின் தலைவனைக் குறிக்கும் 'சென்ச்சூரியன்' என்ற லத்தீன் சொல்லை விலக்கி, நூறு என்னும் சொந்தச் சொல்லிலிருந்து 'ஹண்ட்ரடர்' என்று ஆக்கினார். எளிமையான, யாருக்கும் புரியக்கூடிய சொல் அது. ஆனாலும் அது நிலைக்கவில்லை. அதற்காக எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

மறுமொழி: கரிசல்மண்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இன்று காலை 'டெபிட்' அட்டையைக் காட்டியே பாடத்தைத் தொடங்கினேன். மாணவர்கள் அவர்களாகவே 'டவுட்' என்ற சொல்லையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதே மாணவி வகுப்பு முடிந்ததும், நம் தமிழிலும் லத்தீன் இருக்கிறதா என்று கேட்டாள். 'சாவி' என்பது போர்த்துக்கீசியச் சொல் என்று படித்திருக்கிறேன். ஆனால் லத்தீனில் சாவிக்கு 'க்ளாவிஸ்' என்று போட்டிருக்கிறது. 'க்ளா' எப்படிச் 'சா' ஆகும்? இம்முறை தெரியாமல் விடை சொல்லிவிடக் கூடாது என்று நாளை வரை தவணை வாங்கியிருக்கிறேன்.

மறுமொழி: பாலைப்பழம்

வணக்கம் ஐயா. நான் வன்னியைச் சேர்ந்தவள். உங்கள் ஐயத்துக்கு ஓர் ஒலி விதி விடையாகிறது. லத்தீனில் சொல்லின் தொடக்கத்தில் 'க்ள', 'ப்ள', 'ஃப்ள' என்று இருந்தவை போர்த்துக்கீசிய மக்களின் பேச்சில் 'ச' ஆகிவிட்டன. மழையைக் குறித்த 'ப்ளுவியா' அங்கே 'சுவா' ஆயிற்று. தீச்சுடரைக் குறித்த 'ஃப்ளம்மா' 'சமா' ஆயிற்று. கூப்பிடுவதைக் குறித்த 'க்ளாமாரே' 'சமார்' ஆயிற்று. அதே விதிப்படி 'க்ளாவிஸ்' அங்கே 'சாவே' ஆகி, கடல் கடந்து உங்களிடம் 'சாவி' ஆயிற்று. ஸ்பானியர் அதையே 'யாவே' என்றும், இத்தாலியர் 'கியாவே' என்றும் சொல்கிறார்கள். ஆங்கிலம் சாவிக்குத் தன் சொந்தச் சொல்லான 'கீ' என்பதையே வைத்துக்கொண்டது. ஆனால் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்மார் கூடும் 'கான்க்ளேவ்' என்ற சொல்லில் 'க்ளாவிஸ்' இருக்கிறது. சாவியால் பூட்டிய அறை என்பதே அதன் பொருள்.

எங்கள் பேச்சில் 'சாவி' இல்லை. நாங்கள் 'திறப்பு' என்போம். ஆனால் யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கீசியர் கையில் விழுந்து, 1658 வரை அவர்களிடம் இருந்தது. அதனால் உங்களிடம் இல்லாத சில சொற்கள் எங்கள் வீடுகளில் இருக்கின்றன. சமையலறையைக் 'குசினி' என்போம். அது போர்த்துக்கீசியத்தின் 'குசின்யா'. அதன் மூலம் லத்தீனின் 'கொக்குவீனா'. முதல் மறுமொழியில் வந்த 'கிச்சன்' என்பதும் அதே சொல்தான். நாற்காலியைக் 'கதிரை' என்போம். கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த 'கத்தேட்ரா' என்ற இருக்கை, போர்த்துக்கீசியத்தில் 'கதெய்ரா' ஆகி எங்களிடம் கதிரை ஆயிற்று. பிரெஞ்சில் தேய்ந்து ஆங்கிலத்தின் 'சேர்' ஆயிற்று. ஆயரின் இருக்கை உள்ள தேவாலயத்துக்கு 'கத்தீட்ரல்' என்ற பெயரையும் தந்தது. தமிழ்நாட்டில் நீங்கள் 'சேர்' என்பதும் ஈழத்தில் நாங்கள் 'கதிரை' என்பதும் ஒரே சொல் என்று அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். கள்ளு விற்கும் இடத்தை எங்கள் ஊரில் 'தவறணை' என்பார்கள். லத்தீனின் 'தபெர்னா' அது.

இரு கரைகளுக்கும் பொதுவானவையும் பல உண்டு. மேசைக்கு மூலம் 'மென்சா', அலமாரிக்கு மூலம் 'அர்மாரியும்', பாதிரிக்கு மூலம் தந்தை என்று பொருள்படும் 'பாத்தெர்'. ஜன்னலின் கதை அழகானது. லத்தீனில் கதவு 'யானுவா'. அதன் சிற்றுருவாக, 'சிறுகதவு' என்ற பொருளில் பிறந்ததே போர்த்துக்கீசியத்தின் 'ஜனெலா'. ஆண்டின் வாசலாகிய ஜனவரிக்குப் பெயர் தந்த யானுஸ் தெய்வமும் அக்குடும்பமே. ஆனால் போர்த்துக்கீசியச் சொல் என்றால் உடனே லத்தீன் என்று முடிவு செய்துவிடக் கூடாது. 'ஏலம்' அவர்கள் வழியாக வந்தாலும் அதன் மூலம் அரபு. துடைக்கும் 'துவாய்' ஜெர்மானிய மூலம் உடையது.

மறுமொழி: சொல்வேட்டை

அம்மா, கதிரையும் சேரும் ஒன்று என்பதை நான் இதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை, நன்றி. ஆசிரியர் நாளை வகுப்பில் சொல்வதற்காக இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

மாணவர்கள் பையில் இருக்கும் பேனாவும் பென்சிலும் உறவுச் சொற்கள் போலத் தோன்றும். ஆனால் அவை உறவல்ல. பேனா, இறகு என்று பொருள்படும் 'பென்னா'விலிருந்து வந்தது. இறகால் எழுதிய காலத்தின் பெயர் அது. பென்சிலின் மூலம் 'பெனிகில்லுஸ்'. சிறிய வால் என்பது பொருள், ஓவியரின் தூரிகைக்கு ஆகி வந்தது. தூரிகை போன்ற தோற்றம் உடைய பூஞ்சைக்கும் அந்தப் பெயரையே வைத்தார்கள். அந்தப் பூஞ்சையிலிருந்து கிடைத்த மருந்து 'பெனிசிலின்' ஆயிற்று. பென்சிலின் உறவு பேனாவோடு அல்ல, பெனிசிலினோடு.

மற்றொன்று, வளைந்த கூரையுடைய அறையைக் குறித்த 'கேமரா' என்ற லத்தீன் சொல். பிரெஞ்சில் தேய்ந்து ஆங்கிலத்தின் 'சேம்பர்' ஆயிற்று. சிறு துளை வழியாக ஒளி புகுந்து எதிர்ச் சுவரில் உருவம் விழும் இருட்டறையை அறிஞர்கள் லத்தீனில் 'கேமரா ஒப்ஸ்கூரா' என்று அழைத்தார்கள்; படம் எடுக்கும் கருவி அந்த இருட்டறையின் சிறு வடிவம் என்பதால் 'கேமரா' என்ற பாதிப் பெயர் அதற்கு நிலைத்தது. ஸ்பானியத்தில் ஒரே அறையில் தங்கும் படைவீரர்களுக்குக் 'கமராதா' என்று பெயர். நம் மேடைகளில் ஒலிக்கும் 'காம்ரேட்' அதுதான். போர்த்துக்கீசியரின் 'காமரா' இந்தியில் அறையைக் குறிக்கும் 'கம்ரா'வாக இன்றும் வழங்குகிறது. உங்கள் மாணவி கைப்பேசியில் படம் எடுக்கும்போதெல்லாம் சொல்லும் அந்தப் பெயருக்கு ரோமில் 'அறை' என்று பொருள் இருந்ததை அவளிடம் சொல்லுங்கள். அடுத்த கேள்வியை அவளே கேட்பாள்.